சந்திரன் மேல் போட்ட பழி

வகுப்பு அமைதியாக இருந்தால் தலைமையாசிரியைக்குச் சந்தோஷம் வர வேண்டும். எங்கள் தலைமையாசிரியைக்கு, என் வகுப்பு அமைதியாக இருந்ததும் சந்தேகம் வந்தது. பத்தாம் வகுப்புக்கு நான் சமூக அறிவியல் நடத்தினால் மாடிப்படி வரைக்கும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், நான் எதிர்க்கேள்வி போடுவேன், யாராவது மேஜையைத் தட்டுவார்கள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லையே என்று அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். நான் மேஜை மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் விழித்துவிடக் கூடாது என்று மொத்த வகுப்பும் புத்தகத்தின் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் உட்கார்ந்திருந்ததாம்.

மணி அடித்து நான் பதறி எழுந்தபோது முதல் பெஞ்சுப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "பரவால்ல டீச்சர், நீங்க தூங்குங்க. நாங்களே படிச்சிக்கிறோம்."

கேலி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்தப் பிள்ளைகள் இரக்கப்பட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்குக் கண் தெரியாது. சின்ன வயதிலிருந்தே பார்வை குறைந்துகொண்டே வந்து, படித்து முடித்து ஆசிரியர் வேலைக்கு வந்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிற அளவு வெளிச்சம்தான் மிச்சம். பிறகு அதுவும் போயிற்று. அதற்கெல்லாம் நான் வேலையில் எவரிடமும் சலுகை கேட்டதில்லை. பாடம் மனப்பாடம், பிள்ளைகளின் குரல் மனப்பாடம், பின்வரிசையில் யார் சீட்டு விளையாடுகிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளைத் தூக்கம் வந்து கவிழ்த்துவிட்டது.

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "டீச்சர், உங்க மேல எனக்கு மரியாத ஜாஸ்தி. ஆனா இது பப்ளிக் எக்ஸாம் எழுதற கிளாஸ். அரையாண்டு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சரியாவலன்னா பத்தாம் கிளாஸ வேற டீச்சருக்குக் குடுத்துடறேன். நீங்க ஆறாம் கிளாஸ் எடுங்க, உடம்புக்கும் நல்லது."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கினால் அது உடம்புக்கு நல்லதா என்று என்னைத்தானே கேட்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க மேடம்" என்று வந்துவிட்டேன்.

தூக்கம் வராத நோய் பலருக்கு உண்டு. என்னுடையது அப்படி இல்லை. சில நாள் ஊரோடு சேர்ந்து தூங்கி ஊரோடு எழுந்திருப்பேன். பிறகு தூக்கம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப் போகும். தள்ளித் தள்ளி, இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்து பட்டப்பகலில் சொக்கி விழுகிற நிலைமைக்கு வந்து நிற்கும். அப்புறம் அதுவாகவே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இரவுக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

மாதம் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒன்றுதான் ஞாபகம் வரும். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் டீக்கடை போட்டிருக்கிறார். பௌர்ணமிதான் அவருக்குத் திருவிழா. தொடர்ந்து இரண்டு மூன்று பௌர்ணமிகளுக்கு நான் பொட்டுத் தூக்கமில்லாமல் அவரோடு உட்கார்ந்து டம்ளர் கழுவிக் கொடுத்ததும், மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

"இது சந்திரன் வேலதான். பௌர்ணமி வந்தாலே நீ தூங்க மாட்டேங்கற."

"எனக்குத்தான் சந்திரனே தெரியாதே, எப்படிங்க?"

"உனக்குத் தெரியலன்னா அதுக்கு உன்னத் தெரியாதா? நல்லா யோசிச்சிப் பாரு. சந்திரன் தினம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். உன் தூக்கமும் தினம் கொஞ்சம் லேட்டாத்தான் வருது."

பிள்ளைகளுக்கு ஆதாரம் கேள், ஆதாரம் கேள் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். மனிதர் ஆதாரத்தோடு பேசினால் என்ன செய்வது? அவர் சொன்னது தெருவுக்கே பரவிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஜாதிக்காயை அரைத்துப் பாலில் குடித்தேன். எதிர்வீட்டு பாயம்மா தர்காவில் ஓதி வாங்கி வந்த கயிற்றைக் கட்டிக்கொண்டேன். மருந்துக்கடையில் ஒரு தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அது மறுநாளும் சேர்த்துத் தூங்க வைத்ததில்தான் மேஜை மேல் கவிழ்ந்தேன்.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. வழக்கம்போல நான் விழித்திருப்பேன் என்று நம்பி, டம்ளர் கழுவ வேறு ஆள்கூடச் சொல்லாமல் என் வீட்டுக்காரர் கடையைத் திறந்தார். நானோ மாலை மங்கும்போதே கட்டையைச் சாய்த்தேன். வாசலில் ஊர் உலகமே அரோகரா போட்டுக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. விடிந்து எழுந்தபோது அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் முனகுகிற சத்தம் கேட்டது.

"உலுக்கிப் பாத்தேன், தண்ணி தெளிச்சுப் பாத்தேன், நீ அசையவே இல்ல. கும்பலோட நான் ஒண்டியா அல்லாடினேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பௌர்ணமியிலதாங்க தூங்கியிருக்கேன்! பாவம், சந்திரன் மேல இத்தன நாளா வீண் பழி போட்டிருக்கீங்க."

அவர் கழுவாமல் கிடந்த டம்ளர்களைக் கலகலவென்று கூடையில் போட்டார். பிறகு, "அது இல்லன்னா வேற எது?" என்றார்.

சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு இரண்டு பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். விசாரித்துப் பிடித்த நரம்பு டாக்டர் ஓர் இளம்பெண். வேகமான குரல். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கொஞ்சம் வெளிச்சம் தெரியும்னு சொன்னீங்களே, அது எப்ப போச்சு?"

சொன்னேன். "தூக்கம் கெட்டது அதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்றார். அப்புறம்தான். சில மாதத்துக்குள்ளேயே. இத்தனை பேர் வைத்தியம் சொன்னார்கள், ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அதுக்கும் தூக்கத்துக்கும் என்னங்க டாக்டர் சம்பந்தம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்ணு பாக்கறதுக்கு மட்டும் இல்லைங்க. மூளைக்கு அடியில கொஞ்சம் செல்லுங்க சேர்ந்து உடம்புக்கே கடிகாரமா வேலை செய்யுது. அந்தக் கடிகாரம் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு நாளைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். தினமும் வெளிச்சம் கண்ணு வழியா போய் அதைச் சரி பண்ணிடும். இவங்களுக்கு அந்த வெளிச்சம் நின்னுபோச்சு. கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடுது."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும். அந்த செல்லுங்க மேல ரிசப்டர்னு இருக்கு."

"ஏற்பி" என்றேன். எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் பக்கத்து வகுப்பில் நடத்துவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுப் பழக்கம்.

டாக்டர் சிரித்தார். "ஏற்பியேதான். இருட்டினா உடம்புல மெலடோனின்னு ஒண்ணு சுரக்கும். அது அந்த ஏற்பியில போய் உக்காந்தா, ராத்திரி வந்துடுச்சுன்னு செல்லுக்குத் தெரிஞ்சிடும். வெளிச்சம் சொல்ல முடியாததை, தினமும் ஒரே நேரத்துல அதே மெலடோனினை மாத்திரையாக் குடுத்து நாம சொல்லிப் பாக்கலாம். இது தூக்க மாத்திரை இல்லை. கடிகாரத்துக்கு நேரம் சொல்ற மாத்திரை. உடனே கேக்காது, பொறுமையா இருங்க."

கடைசி வெளிச்சம் போனபோது நான் அழுதிருக்கிறேன். ஜன்னல் போய்விட்டதே என்று அழுதேன். போன வெளிச்சம் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்து, டாக்டர் அறையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

மாத்திரை உடனே கேட்கவில்லைதான். தூக்கம் தன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனது. பிடிவாதக்காரி நான், அதற்கு மேல் என் கடிகாரம். போனில் அலாரம் அடித்ததும் விழுங்குவேன், "கேட்டுச்சா?" என்று தலையைத் தட்டிக் கேட்பேன். சுற்று முழுதாக ஓடித் தூக்கம் மறுபடி இரவுக்கு வந்து சேர்ந்தது. எப்போதும் நழுவுகிற கட்டம் வந்தது. நழுவவில்லை. மறுநாளும் நழுவவில்லை. ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன், கண் பட்டுவிடும் என்று.

அதற்குள் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. ஊரில் நிற்க இடமில்லை. என் போனைச் சார்ஜ் போட மறந்து அது செத்துக் கிடந்தது. அந்தக் கூட்டத்தில் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு, ஆட்களை இடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்தார்.

"இந்தாம்மா, மாத்திர போட்டுக்கோ. டைம் ஆச்சு."

"பால் பொங்கிடப் போவுதுங்க!"

"பொங்கினா பொங்கட்டும். உன் ஏற்பி காத்துனு இருக்கும்."

சந்திரனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய மனிதர் வாயில் அந்தச் சொல்! போட்டுக்கொண்டு படுத்தேன். அவர் கடை கட்டிவிட்டு வந்து படுத்தபோது நான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. மாத்திரை கேட்க ஆரம்பித்ததிலிருந்து அதுவரை ஒரு நாள்கூட நான் வகுப்பில் தலை சாய்க்கவில்லை என்பதைத் தலைமையாசிரியையே சொன்னார். "பத்தாம் கிளாஸ் உங்களுக்குத்தான் டீச்சர். எந்த பீரியடு வேணும்? காலைலயே போட்டுடட்டுமா?"

"மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியடு குடுங்க மேடம்."

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அந்த பீரியடைக் கொடுத்தால் எல்லா ஆசிரியருக்கும் முகம் சுண்டிப்போகும். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு வெயிலுக்குப் பிள்ளைகள் வரிசையாகச் சாய்வார்கள், பாடம் நடத்துகிறவருக்கே கொட்டாவி வரும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முதல் நாள் உள்ளே போனதும் மூன்றாம் பெஞ்சில் ஒரு கொட்டாவி. "எழுந்திரு. வெள்ளைக்காரன் வந்து ஊரைப் பிடிக்கிறான், நீ தூங்கற. வரி கட்ட மாட்டேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்லுவ, சொல்லு" என்றேன். அவன் சொன்னான். இன்னொருத்தி அவனை மடக்கினாள். அரை வகுப்பு வெள்ளைக்காரன் பக்கம், அரை வகுப்பு ஊர் பக்கம். மேஜைகள் அதிர்ந்தன. பரவாயில்லை, தூங்குங்க என்று சொன்னாளே, அந்த முதல் பெஞ்சுப் பெண், அவள் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் வேகமாக வந்து வாசலில் நின்றது.

"டீச்சர், ஆபீஸ்ல ஒரு போன் பேச முடியல. சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க!"

"முடியாதுங்க மேடம்" என்றேன்.