சைரனை அணைக்கலாமா?

ஃபிரிட்ஜ் அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஒரு வதந்தி. அவருடைய செல்போன் குரூப்பில் புதிதாக யார் சேர்ந்தாலும், வணக்கம்கூடச் சொல்லாமல், "நீங்க சைரனை அணைச்சீங்களா?" என்று கேட்கிறாராம். எனக்குச் சொன்னவர் இரண்டு முறை உச்சுக்கொட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் சொல்லக் கிளம்பிவிட்டார். பைத்தியம் என்று பேர் வாங்கியவர்களில் பாதிப் பேர் எதற்கோ பதில் கேட்டவர்கள்தான். அதனால் நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

அக்காவுடையது குளிர்பெட்டி பழுது பார்க்கும் பட்டறை. கதவு கழற்றிய பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அக்கா. காலடியில் ஸ்பேனர், மடியில் லேப்டாப்.

"வாங்க. பைத்தியத்தைப் பார்க்க வந்தீங்களா, ஃபிரிட்ஜ் ரிப்பேரா?"

பெட்டிக்குள் வெப்பம் ஏறினால் சைரன் அடிக்கும் ஒரு புரோகிராமை அவருடைய கொழுந்தன் எழுதினான். இலவசம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எழுதுவது கொழுந்தன், சந்தேகம் தீர்ப்பது அண்ணி. சம்பளம் இருவருக்குமே கிடையாது. அந்தக் குடும்பத்தில் முழுச் சமத்துவம் நிலவுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கேள்விகள் முன்பு ஒரு இணைய மன்றத்தில் வந்தன. கேள்விக்கு ஒரு பக்கம். பெட்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். பதிலைச் செய்து பார்த்து, 'சரியாயிடுச்சு' என்று கேட்டவர் திரும்பி வந்து எழுதும்வரை அக்கா அந்தப் பக்கத்தை மூடமாட்டார். சிலரைத் துரத்தித் துரத்தி எழுத வைத்திருக்கிறார்.

"அண்ணி, உங்க மன்றத்துல கேள்வி கேக்கறது கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. ஜனங்க ஓடிடறாங்க. எல்லாரும் குரூப்லதான் இருக்காங்க, அங்கேயே கேக்கட்டுமே" என்றான் கொழுந்தன்.

"குரூப்ல ஒருத்தன் பேசறதுக்குள்ள ஒம்பது பேர் குறுக்க வருவான், தம்பி."

கேள்விகளை எங்கே கேட்பது என்று ஓட்டெடுப்பு நடந்தது. நடந்த இடம் குரூப். குரூப்பே வேண்டும் என்று குரூப்பில் இருந்தவர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மன்றத்தில் இருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது. ஜனநாயகம் அன்று நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது.

குரூப் கலகலத்தது. கேள்வி, பதில், சிரிப்புப் படம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் ஒரே வாய்க்காலில் ஓடின. ஒரு மத்தியானம் ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: தினமும் ஒத்திகைக்காக அடிக்கிற சைரன் வாடிக்கையாளர்களை விரட்டுகிறது, அந்த ஒத்திகையை நிறுத்தலாமா? அக்கா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்: "தாராளமா அணைச்சிடுங்க. ஒண்ணும் ஆகாது."

அவர் தட்டி முடிப்பதற்குள் நடுவில் ஒரு கேள்வி விழுந்திருந்தது. 'வெள்ளைக்கதவு' என்ற பட்டப்பெயரில் யாரோ. "குழந்தைங்க தடுப்பூசி வைக்கிற பெட்டி. சைரன் விடாம அடிக்குது. தொட்டுப் பார்த்தா குளிர்ச்சியாத்தான் இருக்கு. சைரனை அணைச்சிடலாமா?"

அக்காவின் பதில் அதற்குக் கீழே போய் உட்கார்ந்தது.

"நன்றிங்க. அணைச்சுட்டேன். இப்பதான் நிம்மதி" என்றது வெள்ளைக்கதவு.

ஐஸ்கிரீம் கடைக்காரர், "அக்கா, என் கேள்வி என்னாச்சு?" என்று மறுபடி கேட்டபோதுதான் அக்கா மேலே தள்ளிப் பார்த்தார். உடனே எழுதினார். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பிரச்சினை தீர்ந்துவிட்டதால் வெள்ளைக்கதவு குரூப்பை விட்டுப் போயிருந்தது. எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. நம்பரைக் காட்டாத குரூப் அது, பட்டப்பெயர் மட்டும்தான்.

"தொட்டுப் பார்த்தா குளிர்ச்சியா இருக்காம்" என்றார் அக்கா என்னைப் பார்க்காமல். "தடுப்பூசிக்கு அது போதாதுங்க. கெட்டுப்போனாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட குழந்தைக்கும் தெரியாது. அந்த நோய் வரும்போதுதான் தெரியும்."

கிண்டலாகச் சொல்ல வந்ததை விட்டுவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் தெரு மருத்துவமனைக்குள் நுழைந்து, தடுப்பூசிப் பெட்டியின் சைரன் வேலை செய்கிறதா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஏன் சார் இந்தக் கவலை? உடம்பு நல்லாத்தானே இருக்கு?" வதந்தி எப்படிப் பிறக்கிறது என்று புரிந்தது. என்னைக் கழற்றிவிடுவதற்காகவே அவர் சோதனைப் பொத்தானை அழுத்தினார். சைரன் அலறியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஆனால் வெள்ளைக்கதவு இங்கே இல்லை என்பது மட்டும்தான் அதனால் தெரிந்தது.

பிறகு ஒருநாள் பட்டறைக்குப் போனபோது கொழுந்தனும் இருந்தான். பழைய மன்றத்தை இழுத்து மூட வேண்டுமாம், அண்ணி விடமாட்டேன் என்கிறாராம். அதன் முகப்பில் அக்கா பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி வைத்திருக்கிறார்: வெள்ளைக்கதவு, சைரனைப் போடுங்கள், மருந்தைத் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்.

"அங்க ஒரு ஈ காக்கா வர்றதில்ல, அண்ணி."

"தேடினா கிடைக்கிற இடம் அது ஒண்ணுதான், தம்பி. உன் குரூப்ல நேத்து சொன்னதே இன்னைக்குக் கிடைக்கல."

"எத்தனை நாளைக்கு வச்சிருக்கப் போறீங்க?"

"ஒரு பதில் பாக்கி நிக்குது. குடுத்துட்டு மூடலாம்."

அவன் என்னைப் பார்த்தான். அக்காவின் செல்போனில் குரூப் சத்தம் கேட்டது. யாரோ புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அக்கா குனிந்து தட்ட ஆரம்பித்தார். வந்தது ஒரு பூக்கடைக்காரர்.

நான் இதை எழுதும்வரை அந்தப் பதில் பாக்கிதான்.