நாலு கம்பி என்று சொன்னவர்

என் அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில், ஒரு பழுப்புக் கடித உறை இருக்கிறது. அதற்குள் பேஸ் கிற்றாரின் ஐந்தாவது கம்பி ஒன்று வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. இருக்கிற கம்பிகளிலேயே தடித்தது, ஆகத் தாழ்ந்த சுரங்களுக்கானது. ஒருநாளும் எந்தக் கிற்றாரிலும் பூட்டப்படாதது. அதன் முனையில் நூலால் கட்டிய மட்டைத் துண்டில் சிங்களத்தில் எழுதியிருக்கிறது: உலோகக் கம்பி, ஒன்று. பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கட்டியது. பதினொரு மாதம் அடைத்து வைத்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று என் அண்ணாவை வெளியே விட்டபோது, கையெழுத்து வாங்கிக்கொண்டு இதையும் திருப்பித் தந்தார்கள். அன்றைக்கும் அது அவர்களுக்கு வெறும் உலோகக் கம்பியாகத்தான் இருந்தது.

போன கிழமை லீடரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். லீடர் காலமாகிவிட்டார், முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "அன்ரி, அப்பாவோட குழுவில பாடினவங்கள்ல இப்ப கொழும்பில நீங்க மட்டும்தான் மிச்சம். அப்பாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றாள். செத்த வீட்டுக்காரிக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றுவிட்டேன். அன்று முதல் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் சொல்லவிடவில்லை, பெரிய மனிதர், நாலு பேருக்கு உதவியவர் என்று வாயை மூடினார்கள். பிறகு எப்போதுதான் சொல்வதாம்?

லீடர் என்று எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம், அவர் மனைவி உட்பட. கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டு முன்னறைதான் எங்கள் இசைக்குழுவின் பயிற்சி அறை. கலியாண வரவேற்புகளுக்கு வாசிக்கும் குழு அது. லீடர் முன்னணிக் கிற்றார், அண்ணா பேஸ் கிற்றார், நான் கோரஸ் பாடுபவள். மற்ற நாட்களில் நான் ஓர் அலுவலகத்தில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்ததும் பயிற்சி தொடங்கும். நடுவில் அவர் மனைவி சுடச்சுட மீன் பற்றிஸ் கொண்டுவந்து வைப்பார். வாத்தியங்களெல்லாம் அங்கேயே இருக்கும். எங்கள் வீடு இருந்த வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் எத்தனை சோதனைச்சாவடி, அத்தனையிலும் ஒரு தமிழ்ப் பெடியன் ஆளுயரப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு போக முடியுமா? லீடர் கெட்டிக்காரர்தான், அதை மறுக்கமாட்டேன். ஆறு பேர் ஒன்றாகப் பாடினாலும் யாருடைய சுரம் மயிரிழை விலகியது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார். தான் பிழை விட்டால் மட்டும் அது மற்றவர்களின் பிழையாகிவிடும்.

லண்டனில் இருந்த மாமா ஊருக்கு வந்தபோது அண்ணாவுக்கு ஒரு பேஸ் கிற்றார் கொண்டுவந்தார். அதில் ஐந்து கம்பி. கொழும்பில் அப்போது அப்படியொன்றை நாங்கள் கண்டதில்லை. சாதாரண பேஸ் கிற்றாருக்கு நாலு கம்பிதான், அதன் ஆகத் தாழ்ந்த சுரம் 'ஈ'. அதற்குக் கீழே போக வழியில்லை. ஐந்தாவது கம்பி இன்னும் கீழே, 'டீ', 'சீ' என்று இறங்கிப் போகும். பெட்டியைத் திறந்தவுடன் லீடர் கம்பிகளை எண்ணினார். எண்ணிவிட்டுச் சிரித்தார். "தம்பி, நாலு போதும். அஞ்சாவது, ஆறாம் விரல் மாதிரி. இருந்தா மோதிரம் போடலாம், வேலைக்கு உதவாது." அன்று தொடங்கிய வாதம் எல்லா ஞாயிறும் நடந்தது. தாழ்ந்த சுரத்துக்குக் கீபோர்ட்டின் இடது கை இருக்கிறது, பேஸ்காரன் டிரம்மோடு ஒட்டிப் போனால் காணும், அதுவே போதும், எங்கள் ஸ்பீக்கர் அந்தச் சத்தத்தைத் தாங்காமல் கிழியும் என்பார் லீடர். அண்ணா அதிகம் கதைக்கமாட்டார். வாசித்துக் காட்டுவார்.

லீடர் சொன்னதில் பாதி உண்மை. கோரஸ்காரி என்றாலும் எனக்கும் காது இருக்கிறது. அந்தக் கிற்றாரின் கழுத்து அகலம், பாரம் தோளை இறக்கும். வாசிக்காத நேரத்தில் ஐந்தாவது கம்பியைப் பெருவிரலால் அமர்த்திப் பிடிக்காவிட்டால் அது தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். முக்கால்வாசிப் பாட்டுகளில் அண்ணா அதைத் தொடவே இல்லை. ஆனால் ஒருநாள் தெஹிவளையில் ஒரு கலியாண வரவேற்பில் எங்கள் பாடகி அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டை 'ஈ'யிலிருந்து 'டீ'க்கு இறக்கினார் லீடர். நாலு கம்பி என்றால் அந்த இடத்தில் மேலே தாவித்தான் வாசிக்க வேண்டும், பாட்டுக்கு அடி இல்லாமல் போகும். அண்ணா கீழே இறங்கினார். காதுக்கு முதல் காலுக்குத்தான் அது கேட்டது. மேசையில் இருந்த கண்ணாடிக் குவளைகள் மெல்ல நடுங்கின. கதைத்துக்கொண்டிருந்த ஆட்கள் கதையை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தார்கள். தொண்டை கட்டிய அக்கா அந்தச் சுரத்தின் மேல் ஏறி நின்று பாடுவது போல அவ்வளவு தைரியமாகப் பாடினார். லீடர் மட்டும் திரும்பி அண்ணாவை முறைத்தார். தன் கிற்றாரைப் பார்க்க வேண்டிய சனம் வேறெங்கோ பார்க்கிறதே என்ற முறைப்பு. எனக்கு அது அப்போதே விளங்கியது.

சில மாதம் கழித்து அந்தக் கம்பி முறுக்காணியடியில் அறுந்தது. கொழும்புக் கடைகளில் நாலு கம்பிக்கான பொதிதான் கிடைத்தது. மூன்று மாதம் அண்ணா நாலு கம்பியோடு வாசித்தார். "பாத்தியா, ஒருத்தராவது கேட்டாங்களா?" என்று லீடருக்கு ஒரே கொண்டாட்டம். அண்ணா மாமாவுக்கு எழுதினார். மாமா நாலு கம்பி உள்ள புதிய பொதி ஒன்றும், அந்தக் கடையில் ஐந்தாவதைத் தனியாகத்தான் விற்பார்களாம், அதை ஒரு வெற்றுக் கடித உறையில் போட்டும் அனுப்பினார். பொதியில் கிற்றார்ப் படம் இருந்தது. உறையில் ஓர் எழுத்தும் இல்லை.

பார்சல் வந்த அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பொலிஸ்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எங்களுக்கு அது புதிதல்ல. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். மேசையில் இருந்த பொதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். உறையைத் திறந்தார்கள். இது என்ன வயர் என்று கேட்டார்கள். கிற்றார்க் கம்பி என்றார் அண்ணா. பொதியின் படத்தில் நாலு கம்பி, பொதிக்குள்ளும் நாலு. அப்படியென்றால் இது எதற்கு, குண்டுக்கா? கிற்றார் எங்கே? கொட்டாஞ்சேனையில். அண்ணாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மாவும் நானும் பின்னால் ஓட்டோவில் போனோம்.

பொறுப்பதிகாரி மோசமானவர் போலத் தெரியவில்லை. லீடரைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்றார். ஒரு மணித்தியாலத்தில் லீடர் வந்துவிட்டார். அந்த நாளில் பொலிஸ் கூப்பிட்டதும் ஒரு தமிழர் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். அண்ணா சுவரோரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். லீடரைக் கண்டதும் அவர் முகம் வெளித்தது. இனி வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா என் கையைப் பிடித்தார். அதிகாரி சிங்களத்தில் ஒரேயொரு கேள்வி கேட்டார். பேஸ் கிற்றாருக்கு எத்தனை கம்பி?

"ஹதரய், சேர்" என்றார் லீடர். நாலு.

அவர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். ஆனால் இவனுடையதில் ஐந்து, அது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது, அவ்வளவுதானே? அவர் சொல்லவில்லை. எங்களுடையதில் ஐந்து என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி கையை உயர்த்தி, சங்கீதக்காரரிடம்தான் கேட்கிறேன் என்றார். இந்தக் கம்பியை உங்கள் குழுவில் பாவிக்கிறீர்களா என்று அடுத்துக் கேட்டார். இல்லை என்றார் லீடர். மூன்று மாதமாகப் பாவிக்கவில்லைதான். ஒரு பொய்கூடச் சொல்லாமல் என் அண்ணாவை உள்ளே தள்ளினார் மனிதர். நாலு என்று சொன்னபோது அவர் அண்ணாவைப் பார்த்தார். பயிற்சி அறையில் வாதத்தில் வென்றதும் பார்ப்பாரே, அதே பார்வை, உதட்டோரத்தில் அதே சின்னச் சிரிப்பு. கண் இமைக்கும் நேரம்தான். நான் கண்டேன்.

வெளியே வந்ததும் இப்போதே போய்க் கிற்றாரை எடுத்து வருவோம் என்றேன். அதைக் கொண்டுவந்து காட்டினால் வீட்டைச் சோதிக்க வருவார்கள், மற்றப் பெடியன்களையும் பிடிப்பார்கள், கொஞ்சம் சூடு ஆறட்டும் என்றார் லீடர். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அடுத்த நாள் விடியற்காலையே நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். லீடர் கோயிலுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் வரும்வரை பெட்டியில் கை வைக்க அவர் மனைவிக்குப் பயம். வாசற்படியில் இருந்தேன். எட்டரை மணிவரை அவர் வரவில்லை. கடைசியில் அந்த அம்மாவே பெட்டியைத் தூக்கி என் கையில் தந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பட்ட பாடு நாய் படாது. பஸ்காரர் ஏற்றமாட்டேன் என்றார், கெஞ்சி ஏறினேன். மூன்று இடத்தில் இறக்கித் திறந்து காட்டினேன். பதினொரு மணிக்குப் பொலிஸ் நிலையத்து மேசையில் கிற்றாரை வைத்தேன். அதிகாரி பேனா முனையால் முறுக்காணிகளை எண்ணினார். ஐந்து. கம்பியை எடுத்து, வெறுமையாகக் கிடந்த ஐந்தாவது பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அண்ணாவை ஒன்பது மணிக்கே கோப்போடு மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று, இனித் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு, "நங்கி, இதை நேற்றே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

அந்தப் பதினொரு மாதத்தில் அம்மா பாதியாகிப் போனார். களுத்துறைச் சிறைக்குக் கிழமைக்கொரு தடவை சாப்பாட்டுப் பொதியோடு போய் வந்தோம். விடுதலையாகி வந்த அண்ணா கிற்றார்ப் பெட்டியைத் திறக்கவே இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. கனடாவுக்குப் போகும்போது கிற்றாரை யாருக்கோ கொடுத்துவிட்டார். கம்பியை நான் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

போர் முடியும் காலத்தில், வெள்ளவத்தையில் ஒரு கலியாண வரவேற்பில் லீடரைக் கண்டேன். மேடையில் ஓர் இளம் பெடியன் ஆறு கம்பி பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தான். "இப்ப ஆறு வந்துட்டுது தங்கச்சி" என்று லீடர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஏன் நாலு என்று சொன்னீர்கள் என்று நேரே கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அஞ்சுன்னு சொன்னா அது எங்கன்னு கேப்பான். என் வீட்டிலன்னு சொல்லணும். நானும் பிள்ளை குட்டிக்காரன் தானே." பயத்தை நான் மன்னித்துவிடுவேன். நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டுதான் இருந்தோம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பயந்தவன் சிரிப்பானா?

லீடர் போன செய்தியைச் சொல்ல நேற்று அண்ணாவைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு கோயில் பஜனைக் குழுவில் இப்போது திரும்பவும் வாசிக்கிறார், நாலு கம்பிக் கிற்றார். அந்தச் சிரிப்பைப் பற்றி முதன்முதலாகக் கேட்டேன். "ஓம், நானும் கண்டனான். விடு" என்றார். பிறகு சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா நாலு காணும். அவர் சொன்னது சரிதான். நீ அவரைப் பற்றி நல்லதா ரெண்டு வரி எழுதிவிடு."

என் அண்ணாவை எனக்குத் தெரியும். தெஹிவளையில் அந்தச் சுரத்துக்கு இறங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நிலை தெரியும். ஐந்தாவது கம்பி தேவையா என்று யார் என்னைக் கேட்டாலும், நூறு பாட்டில் ஒரு பாட்டுக்கு அது வேண்டும், அந்த ஒன்றுக்காக மிச்சம் தொண்ணூற்றொன்பதுக்கும் அதைச் சுமக்கலாம் என்றுதான் சொல்வேன். அதை எனக்குக் காட்டித் தந்தவர் வாயாலேயே நாலு காணும் என்று சொல்லவைத்துவிட்டார்களே.

மேலே எழுதிய பக்கங்களை லீடரின் மகளுக்கு அனுப்பப் போவதில்லை. அவள் ஒரு குற்றமும் அறியாதவள். மலருக்கு, அன்றைக்கு லீடர் அந்த அதிகாரியிடம் சொல்லாமல் விட்ட ஒரேயொரு வரியை எழுதி, கீழே என் பெயரையும் போட்டு அனுப்பினேன்: 'ஐந்து கம்பி உள்ள பேஸ் கிற்றாரும் இருக்கிறது, சேர்.' இடமிருந்தால் போடட்டும்.

பிறகு அலுமாரியைத் திறந்து உறையை எடுத்தேன். கத்தரிக்கோலால் நூலை வெட்டி, 'உலோகக் கம்பி, ஒன்று' என்ற மட்டைத் துண்டைக் குப்பைக்குள் போட்டேன். கம்பியைத் திரும்ப உறைக்குள் வைத்து, இத்தனை வருடமாக ஓர் எழுத்தும் இல்லாமல் கிடந்த அந்த உறையின் மேல் எழுதினேன்: பேஸ் கிற்றார்க் கம்பி, ஐந்தாவது. அண்ணாவுடையது.