பரிமாறுகிறவரையும் கேட்கச் சொன்ன உலகம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை பால் கொண்டுவந்த பேச்சியம்மாள், செம்பில் ஊற்றிவிட்டு உடனே கிளம்பவில்லை. படியிலேயே நின்றாள். "ஒங்க சிநேகிதி இலத்தூர் டீச்சரம்மா விடியக்காலம் போயிட்டாவளாம். ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றாள். நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் உலகம்மாள் அவர்கள் என் வீட்டுக்கு வந்து, காப்பியில் சிக்கரி கூடிப்போயிற்று என்று வாதாடி, வாதாடிக்கொண்டே இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. நோயில்லை, படுக்கையில்லை. வயதும் அறுபதை எட்டவில்லை.

அவர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலத்தூரில் நெல் விவசாயம் செய்த குடும்பம். அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். சென்னைக்குப் போய்த் தத்துவம் படித்தார்கள். அதிலும் நன்மை எது, தீமை எது, அதை யார் முடிவு செய்வது என்று ஆராய்கிற அறவியல்தான் அவர்களுக்குப் பிடித்த பகுதி. அங்கேயே கல்லூரியில் வேலை கிடைத்தும், இருபதுகளின் கடைசியில் தென்காசிக்கு வந்து எங்கள் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார்கள். நான் அங்கே கணக்கு ஆசிரியை. அவர்களைவிட எட்டு வயது மூத்தவள். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். "அக்கா, பட்டணத்துல நீதியப் பத்திப் பேச ஆள் இருக்கு. இங்கன நீதி சொல்லத்தான் ஆள் இருக்கு. பேச ஒருத்தருமில்ல" என்றார்கள்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. அவர்கள் சொன்ன கதை மிகச் சிறியது: "வந்து கேட்டாவ. யோசிச்சுப் பாத்தேன். சரிப்படல."

நீதிபோதனை வகுப்பு அவர்களுடையது. அடுத்த அறை என்னுடையதாகையால் எல்லாம் காதில் விழும். ஒருநாள், 'நல்ல மனைவி கணவன் உண்ட பின்பே உண்பாள்' என்ற பாட வரியை ஒரு சிறுமி படித்தாள். "இப்ப ஆளை மாத்திப் படி" என்றார்கள். 'நல்ல கணவன் மனைவி உண்ட பின்பே உண்பான்' என்று அவள் படித்ததும் வகுப்பே சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "ஏன் சிரிச்சீங்க? ரெண்டு வரியிலயும் பசி ஒண்ணுதானே?" என்று கேட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த 'ஆளை மாற்றிப் பார்ப்பது'தான் அவர்களுடைய முறை. ஒரு விதியில் ஆணும் பெண்ணும் இடம் மாறும்போது நமக்குச் சிரிப்பு வந்தால், அந்த விதி அறமல்ல, வெறும் வழக்கம் என்பார்கள். இந்த முறையை விளக்கி ஒரு நூலும் எழுதி முடித்து, திருநெல்வேலியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அப்போதுதான் கோமதியின் விவகாரம் வந்தது.

கோமதி எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. சுரண்டையில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் வீட்டில் வேலையை விடச் சொன்னார்கள். அவள் விடாமல் தென்காசிக்கு வந்து ஒரு சிறிய வீட்டில் தங்கினாள். பள்ளிக் குழுவில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அவள் மறுநாளே சுரண்டைக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

ஆண்டுதோறும் சாரல் காலத்தில் பள்ளிக் குழுவினரும் ஆசிரியைகளும் குற்றாலத்துக்குப் போய், அருவியில் குளித்து, வாடகை வீட்டில் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். குழுவின் கனத்த விஷயங்கள் எல்லாம் அந்த விருந்தில்தான் முடிவாகும். முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் பரிமாறுவோம். மோர் வருவதற்குள் முடிவாகிவிடும். உலகம்மாள் அவர்களுக்கு மட்டும், எம்.ஏ. படித்தவர் என்ற மரியாதைக்காக, வரிசையின் ஓரத்தில் கொஞ்சம் தள்ளி இலை போடுவார்கள்.

அந்த ஆண்டு விருந்தில் நான் அப்பளக் கூடையுடன் நின்றேன். செயலாளர் அண்ணாச்சி சாம்பாரைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்: "புருஷன் வீட்டை விட்டுட்டு வந்த பொண்ணு, நம்ம புள்ளைகளுக்கு என்ன நீதி சொல்லும்? டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க."

"ஆளை மாத்திச் சொல்லிப் பாப்போம் அண்ணாச்சி," என்றார்கள் உலகம்மாள் அவர்கள். "பொண்டாட்டி வீட்டை விட்டுட்டு வந்த ஆம்பிளை, நம்ம புள்ளைகளுக்கு என்ன நீதி சொல்லுவான்?"

பந்தியில் சிரிப்பு எழுந்தது. "அப்படிப் பாத்தா கணக்குப்பிள்ளைய மொதல்ல நிறுத்தணும்வே. அவரு பொண்டாட்டி கடையநல்லூர்ல, இவரு இங்கன" என்றார் ஒருவர். பள்ளிக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை பொரியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உலகம்மாள் அவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். மனைவிக்கும் வீட்டை விட்டுப் போக உரிமை உண்டு, விட்டுப் போனதாலேயே ஒருத்தி கெட்டவளாகிவிட மாட்டாள் என்று அடுக்கடுக்காக வாதாடினார்கள். வாதத்தில் குறையே இல்லை. ஆனால் அண்ணாச்சியின் முகம் இறுகிக்கொண்டே போனது. 'விட்டுப் போனவள்' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் கோமதியின் தலையில் இன்னும் கொஞ்சம் கனத்தது.

அப்போது ரசம் வந்தது. கொண்டுவந்தவள் கோமதி. உலகம்மாள் அவர்களின் இலைக்கு முன் குனிந்து, "அக்கா, ரசம் விடட்டுமா?" என்றாள். அவர்கள் பேச்சை நிறுத்தாமலே தலையசைத்தார்கள். கோமதி ஊற்றவில்லை.

"ரசம் வேணுமான்னு நான் ஒங்களக் கேக்கேன். என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசலாம்லா அக்கா?"

உலகம்மாள் அவர்களின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அறவியல் படித்தவர், அவளுக்காகவே வாதாடுகிறவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரிலேயே நடமாடிக்கொண்டிருந்தாள், குழம்பு ஊற்றிக்கொண்டு.

"கேக்காதது தப்புத்தான்" என்றார்கள் உலகம்மாள் அவர்கள். செயலாளரின் மனைவியைப் பார்த்து, "ஆச்சி, இங்கன எம்பக்கத்துல ஒரு இலை போடுங்க. கோமதி, வாளியக் கீழ வச்சுட்டு உக்காரு. நீ சொல்லு, நாங்க கேக்கோம்" என்றார்கள். ஆச்சி கணவரின் முகத்தைப் பார்க்காமலே இலையை விரித்துவிட்டார்.

கோமதி உட்கார்ந்தாள். "நான் யாரையும் விட்டுட்டு வரல. வேல பாக்க வந்திருக்கேன். அவுகளையும் இங்கன வந்து இருக்கச் சொல்லி எழுதிருக்கேன். வந்தாவன்னா சோறு பொங்கிப் போடுவேன். வரலன்னா பாடம் நடத்துவேன். வந்தாலும் பாடம் நடத்துவேன்."

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" என்றார் அண்ணாச்சி.

"கேட்டீங்களா?" என்றார் ஆச்சி, பின்னாலிருந்து.

அண்ணாச்சி இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டார். அப்புறம், "சரி, நடத்தட்டும். யாராச்சும் ரசத்த ஊத்துங்க, சோறு காயுது" என்றார். நான் அப்பளக் கூடையை வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டேன். முதல் இலை கோமதியுடையது.

திரும்பி வரும் வண்டியில் உலகம்மாள் அவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது, "அக்கா, அந்தப் புஸ்தகம் தப்பு" என்றார்கள். தப்பில்லை, குறை என்று வேண்டுமானால் சொல்லுங்கள் என்றேன். "ஆளை மாத்தினது நான்தான். ஆளைக் கேக்கலியே" என்றார்கள். மறுநாளே அச்சகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கினார்கள். புதிதாக முதல் அத்தியாயம் ஒன்று எழுதவே ஓர் ஆண்டு ஆயிற்று. ஒருவருக்கு எது நன்மை என்று தீர்மானிக்கும் முன் அவர் வாயால் கேட்க வேண்டும், பரிமாறுகிறவர் காதில் விழாதது போல் நாம் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுகிறது என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம். நூல் அதிகம் விற்கவில்லை. படித்தவர்கள் சிலர் இது தத்துவமே அல்ல, விருந்து மரியாதை என்றார்கள். "இருக்கட்டும், விருந்துலயாச்சும் நடக்கட்டும்" என்று உலகம்மாள் அவர்கள் சிரித்தார்கள்.

கோமதியின் கணவர் இரண்டு ஆண்டுகள் வராமலிருந்தார். பிறகு வந்தார், கோபித்துக்கொண்டு போனார், மறுபடி வந்தார். இப்போது தென்காசியில்தான் விதைக்கடை வைத்திருக்கிறார். கோமதி பாடம் நடத்துகிறாள்.

செவ்வாய்க்கிழமை நானும் கோமதியும் இலத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருக்கும். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நேரமாயிற்று என்று யாராவது குரல் கொடுப்பார்கள், ஆண்கள் தூக்கிவிடுவார்கள், நாங்கள் அழுதுகொண்டு நிற்போம். அதுதான் வழக்கம். அன்று உலகம்மாள் அவர்களின் அண்ணன் மகன் உள்ளே வந்து, பெண்கள் நடுவில் குனிந்து, "அத்தையக் கொண்டுபோகலாமா? இல்ல, இன்னும் கொஞ்சம் இருக்கணுமா?" என்று எங்களைக் கேட்டார்.

இத்தனை வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோமதிதான், "கொஞ்சம் இருங்க தம்பி" என்றாள்.

அவர் தலையசைத்து வெளியே போனார். வாசலில் ஆண்கள் அத்தனை பேரும் தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் காத்து நின்றார்கள். உள்ளே நாங்கள் அவசரப்படாமல் உட்கார்ந்து உலகம்மாள் அவர்களின் முகத்தைப் பார்த்தோம். கோமதி நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். ஒருத்தி ஏதோ பழைய கேலிப்பேச்சை நினைவுபடுத்த, அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரித்தோம் கூட. போதும் என்று எங்களுக்கே தோன்றிய பிறகு நான்தான் எழுந்து வாசலுக்குப் போய், "இப்ப வாங்கய்யா" என்றேன்.

போய் வாருங்கள், உலகம்மாள். எங்களைக் கேட்டுத்தான் உங்களை அனுப்பினார்கள்.