தோசைக்கல்லில் வளைத்த கவசம்

சூடேறிய ஃபோம் எப்படி நாறும் என்று தெரியாதவர்கள் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை அடுப்பில் காட்டிப் பார்க்கலாம். அந்த நாற்றம் ஒரு மாதம் எங்கள் வீட்டுத் தோசையில் இருந்தது, அப்பா, அம்மா, நான் மூவரும் அதையே தின்றோம். புனேவை அடுத்த சிஞ்ச்வட்டில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் அறை வீடு. அப்பா வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தார். பெட்டிக்குள் பாகங்கள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க வைக்கிற கறுப்பு ஃபோம் பலகைகளில் கிழிந்தவை "ஸ்கிராப்"புக்குப் போகும். அவற்றைக் கேட்டு வாங்கி வருவார், அதன்மேல்தான் நாங்கள் படுப்போம். ஏழாம் வகுப்பு படித்த வருஷம் என் பங்குப் படுக்கையை வெட்டி, விண்வெளிக்குப் போகிற போர்வீராங்கனை வேஷத்துக்கு நான் கவசம் செய்தேன்.

அம்மா சமையல் வேலை செய்த அடுக்குமாடிச் சொசைட்டியில், சதுர்த்திக்குக் கணபதி வைத்திருக்கும் நாட்களில் ஒரு மாலை குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி நடக்கும். அதற்கு முந்தைய வருஷம் ஓரமாக நின்று பார்த்திருந்தேன். காய்கறிகளாகவும் தேசத் தலைவர்களாகவும் மேடையேறிய அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடத் தன் வேஷத்தைத் தானே செய்திருக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பொறாமை என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன்.

இந்த முறை பெயர் கொடுக்கப் போனால், பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர் அம்மா வேலை செய்த வீட்டு மேடம். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்; நம்ம ஊர்ச் சமையல் கிடைத்தது என்று எல்லாரிடமும் அம்மாவைக் காட்டிப் பெருமைப்பட்டவர்.

"இது சொசைட்டி பசங்களுக்கு மட்டும்மா. போர்டுலயே போட்டிருக்கே, பாக்கலியா?" என்றார்.

போர்டில் இருந்தது மராத்தி. அவருக்கு அது படிக்க வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். மாநகராட்சியின் மராத்திப் பள்ளிதான், ஆனால் தடுமாறாமல் படிப்பேன். இங்கே குடியிருப்பவர்கள், வேலை செய்பவர்கள், எல்லார் பிள்ளைகளும் சேரலாம் என்று அதில் இருந்ததை உரக்கப் படித்து, அவருக்காகத் தமிழிலும் சொன்னேன். வாட்ச்மேன் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. "ஃபிளாட் நம்பர்படிதான் கூப்பிடுவோம். உனக்கு நம்பரே கிடையாது, அப்ப கடைசி" என்று பட்டியலின் அடியில் என் பெயரை எழுதினார்.

தோசைக்கல்லின் சூட்டில் பிடித்தால் ஃபோம் இளகும். உடனே தொடையிலோ குடத்திலோ அழுத்தினால் அந்த வளைவு அப்படியே நிற்கும். செருப்புத் தைப்பவர் ஒட்டுகிற "சொல்யூஷன்" வாங்கி மார்பு, தோள், முழங்கால் என்று ஒட்டினேன். கம்பெனி இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற வெள்ளி பெயின்டில் மிச்சத்தை அப்பா கொண்டுவந்தார். போட்டு நின்றபோது ராணி மாதிரி இருந்தேன். உட்கார்ந்ததும் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, மேல் விளிம்பு தொண்டையை நெரித்தது.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் தைக்கிற அம்மா, ஊசியைப் பல்லில் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். புனேவில் எத்தனை வருஷம் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு அவளிடம் மாறவில்லை. "நின்னு அளவெடுத்தா நிக்கத்தாம்ட்டி முடியும். உக்காரு, குனி, அதுக்குப் பெறவு வெட்டு." வயிற்றுப் பகுதியை மூன்று பட்டைகளாக அறுத்து, குனிந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்படி எலாஸ்டிக்கில் கோத்தாள். வேர்வைக்கு உள்ளே அப்பாவின் பழைய பனியன்களை வைத்துத் தைத்தாள். இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே நாடாவின் இழுப்பில் அவிழ்ந்துவிடும். "ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வ, ராக்கெட்டுலயா போவ?" என்றாள்.

போட்டியன்று மழை வராமல் புழுங்கியது. தலைமை விருந்தினர் வரத் தாமதம். காகித வேஷங்கள் கிழிந்தன, ஒட்டுத்தாடிகள் உதிர்ந்தன. மேடத்தின் மகளுக்கு என் வயது. கடையில் வாங்கிய ரோபோ உடை, கெட்டி பிளாஸ்டிக், உட்கார முடியாமல் நின்றே அழுதாள், கழுத்து சிவந்துவிட்டது. நான் முழுக் கவசத்தோடு சம்மணமிட்டு உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன்.

மேடம் என்னிடம் வரவில்லை. அம்மாவிடம் போனார்.

"செல்வி, உன் பொண்ணுது நல்லா காத்தோட்டமா இருக்கு போல. கொஞ்சம் கழட்டிக் குடுக்கச் சொல்லேன். எங்க நம்பர் வரப் போகுது. அஞ்சே நிமிஷம்."

அம்மா என் பக்கத்தில் குனிந்தாள். "கழத்திக் குடுட்டி."

"மாட்டேன்."

"ஏட்டி, நாளைக்கு அவங்க அடுப்படியில நான்லா போயி நிக்கணும்."

"நான் செஞ்சது, நீ தச்சது. அவளுக்கு எதுக்கு?"

அம்மாவின் கை என் இடுப்பு நாடாவுக்கு வந்தது. அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினேன். அதுவரை அவள் கையை நான் அப்படித் தள்ளியதில்லை. எல்லாரும் பார்த்தார்கள். மேடம் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "படிக்க வச்சா இதான்."

என் முறை வந்தபோது பாதி நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். "தூ கோண் ஆஹேஸ்?" என்று மைக்கில் கேட்டார்கள், நீ யார் என்று. மனப்பாடம் செய்திருந்த எட்டு வரி வசனத்தை விட்டுவிட்டு, என் பெயரைச் சொன்னேன், இதை நானும் என் அம்மாவும் செய்தோம் என்றேன். பிறகு குந்தி உட்கார்ந்தேன், குட்டிக்கரணம் போட்டேன், எழுந்து குதித்தேன். ஒரு துண்டுகூடக் கழன்று விழவில்லை. நாலைந்து பேர் கைதட்டினார்கள். பரிசு இல்லை. கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். "ஒன் திமிருக்கு ஒரு வீடு போச்சு" என்று சொல்லி, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் தட்டில் விழும்.

இன்று புனேவுக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தமிழையும் நானே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். ரயில் பாதையோரத்து வீடுகளைச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். கவசம் அடுத்த மழைக்காலத்தில் கதவிடுக்கில் தண்ணீர் அடைக்கப் போய் நொறுங்கியது. அந்தச் சொசைட்டியில் இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட். அவர்கள் பிள்ளைகளைப் போட்டியில் சேர்ப்பதாக எந்தப் போர்டும் சொல்வதில்லை.

படிக்கத் தெரியாத அம்மாவுக்கு நேற்று, எழுதிய இதை வாசித்துக் காட்டினேன். கையைத் தள்ளிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"குடுத்திருக்கலாம்ட்டி. அந்தப் பிள்ள அழுதுச்சுல்லா."

"குடுத்திருக்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்: "சரி, மேடையில ஏறி என்னதாஞ் செஞ்ச?"

"வந்து பாத்திருக்கணும்" என்றேன். மீதியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.