சாப்பாட்டுக்கு முன்

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வரும். பகலில் யாரும் பேசக்கூடாது. பேசியே தீரவேண்டுமென்றால் காதோடு காதாகப் பேச வேண்டும். டி.வி. கிடையாது, மிக்சி கிடையாது. குக்கர் விசிலடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். ஜன்னலில் பழைய போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டு, பட்டப்பகலை இருட்டாக்கி, அதற்குள் அப்பா தூங்குவார். கம்பெனிகள் சூழ்ந்த எங்கள் சேரப்பணஞ்சேரியில் பாதி வீடுகளில் இதே கதைதான். யார் வீட்டில் இந்த வாரம் நைட் என்பது கீரைக்காரிக்குக்கூடத் தெரியும். எங்கள் வாசலுக்கு வந்ததும் குரலை இறக்கிக்கொள்வாள். தூங்குகிற அப்பாவை எழுப்பியவர் தொலைந்தார். ஓட்டை வாய் என்று பெயரெடுத்த எனக்கு அந்த வாரங்கள் ஜெயில் வாசம்.

அந்த ஜெயிலில் எனக்குக் கிடைத்த ஒரே துணை சித்தி. அம்மாவின் தங்கை. பார்மசி டிப்ளமோ படிப்பதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். டாக்டர்கள் மருந்துச் சீட்டில் சுருக்கமாக எழுதுகிற எழுத்துகளை எல்லாம் அவள் மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கச் சொல்வாள். நான் ஐந்தாம் வகுப்பு. கேட்டுக் கேட்டு அவளுக்கு முன்னால் எனக்குப் பாடமாகிவிட்டது. ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், எச்.எஸ். படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். பாதிக்கு மேல் லத்தீன் மொழியாம். தமிழிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு லத்தீன் தெரியும் என்பதில் தலைகால் புரியவில்லை.

புதுசாகச் செருப்பு வாங்கியவன் படுக்கையிலும் போட்டுக்கொள்வான் என்பார்கள். நானும் அப்படித்தான். அம்மாவிடம் எனக்கு இட்லி பி.டி. வேண்டாம், ஓ.டி. போதும் என்றேன். அப்படியானால் உதை டி.டி.எஸ். தருகிறேன் என்றாள் அம்மா. அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். பிள்ளை பாவம், உதை எஸ்.ஓ.எஸ். போதும் என்று அப்பா எனக்காகப் பரிந்து பேசினார். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'ஸ்டாட்'. உடனே, இந்த நிமிடமே என்று அர்த்தம். பென்சில் சீவ ஸ்டாட், தலையில் பேன் பார்க்க ஸ்டாட், பம்பரக் கயிறு தேட ஸ்டாட். ஒரு வாரத்தில் அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் செல்லாக்காசு மதிப்புகூட இல்லாமல் போய்விட்டது.

இதற்கிடையில் கம்பெனியில் எல்லோருக்கும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. படப்பை டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வீட்டுக் கூடத்தில் வைத்து நான்தான் உரக்கப் படித்தேன். ஓ.டி., ஏ.சி. என்றதும் அம்மா வாயைப் பிளந்தாள். சித்தி அப்பாவை உட்கார வைத்து விளக்கினாள். தினமும் காலையில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னால். போட்டதும் இட்லித் தட்டைத் தூக்கக்கூடாது, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கம்பெனியில் சூபர்வைசர் சொன்னால்கூட இரண்டு கேள்வி கேட்கிற அப்பா, மச்சினிச்சி சொல்லுக்கு மறுசொல் பேசமாட்டார். அந்த வாரம் அவருக்கு ஜெனரல் ஷிப்ட். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து, முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அரைமணி ஆனதும் தட்டை நோக்கி எழுவார். அப்புறம் கம்பெனி பஸ். எல்லாம் சரியாகத்தான் போனது.

அடுத்த வாரம் அவருக்கு நைட் வந்தது.

முதல் சில நாட்கள் அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால் அவளே தட்டை நீட்டிச் சாப்பிட வைத்தாள். அந்தச் சனிக்கிழமை ஒரகடத்தில் அவள் தைக்கப் போகும் சீட் கவர் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு, அப்பா வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். அப்பா இரவெல்லாம் மெஷினோடு நின்றுவிட்டு வந்து, குளித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அரைமணி நேரம்தானே, சும்மா சாய்ந்திருப்போம் என்று கட்டிலுக்குப் போனார். சித்திக்குத் திங்கட்கிழமை பரீட்சை. சத்தம் போடக்கூடாது என்பதால் நாங்கள் இருவரும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

பதினோரு மணி வாக்கில் எனக்குப் பசித்தது. கீழே இறங்கிப் பூனை மாதிரி நடந்து ஹாட்பாக்ஸைத் திறந்தேன். அம்மா அடுக்கி வைத்த இட்லி அடுக்கு குலையாமல் இருந்தது. சட்னியின் மேல் ஏடு கட்டியிருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டை, அதில் புதிதாக ஒரு கிழிசல். ஒரு இட்லியை எடுத்தேன். வாய்க்குப் போகும் வழியில் கை நின்றுவிட்டது. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன். முன் என்று ஒன்று இருந்தால் பின்னால் சாப்பாடு வரவேண்டுமே?

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, அப்பாவின் பனியனோ பிழிந்தால் சொட்டும் போலிருக்கிறது. உதடு என்னவோ முணுமுணுக்கிறது. வீட்டுச் சட்டத்தை மீறி, மெல்ல, அப்பா என்று தொட்டேன். கண்ணைத் திறந்து அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"லைன் நிக்குது. யாராச்சும் சூபர்வைசர கூப்புடுங்கபா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை. அந்தப் பயம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை. மாடிப்படியில் விழுந்தடித்து ஏறி, சித்தி, ஸ்டாட் என்று கத்தினேன். சித்தி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இன்னொரு முறை ஸ்டாட் என்றேன். சும்மா கிட, பரீட்சை முடியட்டும், பம்பரம் எங்கும் ஓடிப்போகாது என்றாள். லத்தீன் கைவிட்டுவிட்டது.

"சித்தி, அப்பா மாத்திர போட்டுக்கினாரு. இட்லி அப்பிடியே கீது."

புத்தகம் விழுந்த சத்தம் கேட்டது. சித்தி அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் இறங்கி வருவதற்குள் அவள் டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர் அவள் கையைத் தட்டித் தட்டிவிட்டார். பாதித் தண்ணீர் மெத்தையில். அப்புறம் பல நாள் அந்த மெத்தையில் எறும்பு மொய்த்தது.

"மாமா, முழுங்குங்க. கொஞ்சம் கொஞ்சமா. என்ன பாத்துக்கினே முழுங்குங்க."

இதைச் சொல்லிக்கொண்டே, பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த சங்கரன்கோவில் அண்ணனைக் கூப்பிடும்படி எனக்கு ஜாடை காட்டினாள். அவரும் நைட் முடித்து வந்து படுத்தவர்தான். ஒரே நாளில் இரண்டாவது முறையாகச் சட்டத்தை மீறி, கதவை இரண்டு கையாலும் அடித்தேன். கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தவர், என்ன ஏது என்று கேட்காமல் ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆட்டோ வருவதற்குள் அப்பாவுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்ன சுத்தி நிக்கிறீங்கோ? மூஞ்சியெல்லாம் ஏன் பிசுபிசுன்னு கீது?"

அந்தக் குரலைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அழுதுகொண்டே சிரித்தேன். படப்பையில் டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டுவிட்டு இவ்வளவு நேரம் சாப்பிடாமல் கிடந்ததில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது, இந்தச் சர்க்கரைத் தண்ணீர்தான் கைகொடுத்திருக்கிறது, இனிமேல் தட்டு கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை வாய்க்குப் போகவேண்டும் என்றார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா ஆறிப்போன இட்லியைச் சர்க்கரை தொடாமல் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். செய்தி கேட்டு வேலையிலிருந்து ஓடிவந்த அம்மா முதலில் அழுதாள், அப்புறம் அப்பாவிலிருந்து ஆரம்பித்து ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லோரையும் திட்டினாள். அம்மா திட்ட ஆரம்பித்துவிட்டால் வீடு பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தம். குக்கர் கூட அன்றைக்குத் தாராளமாக விசிலடித்தது. அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் பொண்ணு டாக்டருக்கும் மேல என்று தெருவில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சித்தி மட்டும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நான் அவள் எதிரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த மாதிரியே இல்லை. புத்தகத்தை மாடியிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். கேள்வி கேட்கட்டுமா என்றதும் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். தன்னை முந்திவிட்டேன் என்று பொறாமை, வேறென்ன என்று முடிவு கட்டினேன்.

இப்போது சித்தி ஒரகடத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள். போன வாரம் போயிருந்தேன். தென் மாவட்டத்துப் பையன் ஒருவன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சீட்டை நீட்டினான். மாத்திரையை எடுப்பதற்கு முன்னால், இந்த வாரம் என்ன ஷிப்ட் என்று கேட்டாள். மாத்திரைக்கும் ஷிப்டுக்கும் என்னக்கா சம்பந்தம் என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எப்போது தூங்குவாய், எழுந்ததும் என்ன சாப்பிடுவாய், யார் கொடுப்பார்கள் என்று, அப்பாவிடம் அப்போது கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டில் இருந்த ஏ.சி. என்ற எழுத்தின் மேல் அவள் விரல் நின்றதை நான் பார்த்தேன்.

அப்பா பிழைத்து வீடு திரும்பிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர் எல்லாம் வீணாகிறது, குழாயை மூடு என்று நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தேன்.