கொழுந்துப் பையின் மூன்று மாதிரிகள்

பதுளையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் போதனாசிரியையாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருடங்கள். கொழும்பில் வடிவமைப்புப் படிப்பவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு மாதிரி தைக்க எங்கள் மெஷின்களைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவள்தான் பண்டாரவளையில் இருந்த ஒரு டொக்டரின் மகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு பறிப்பவர்களின் தலையை அழுத்துகிறது. பாரத்தைத் தோளும் இடுப்பும் தாங்கும்படி ஒரு பை செய்ய வேண்டும். இதுதான் அவளுடைய ஆய்வு. சாக்குத் துணியையும் பழைய ஸ்கூல் பேக் பட்டிகளையும் வைத்து ஒரே நாளில் முதல் மாதிரியைத் தைத்தோம்.

"இதைப் போட்டுப் பாக்க ஆரும் கொழுந்து பறிக்கிறவை உங்களுக்குத் தெரியுமோ, டீச்சர்?" என்று கேட்டாள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் என் அம்மா இருந்தார். நிலையத்தில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. ஊர் எது என்று கேட்டால் பதுளை என்பதோடு நிறுத்திவிடுவேன். அன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"எங்க அம்மா கொழுந்துதான் எடுக்கிறாங்க."

அவள் முகம் மாறவில்லை. "அப்ப நல்லதாப் போச்சு. எப்ப போவம்?"

அந்தச் சனிக்கிழமையே போனோம். கங்காணியிடம் கேட்டுக்கொண்டு அம்மா பையை மாட்டினார். இரண்டு கையாலும் பறித்துப் பின்னால் வீசிய கொழுந்தில் பாதி தரையில் விழுந்தது.

"பை வாய மூடிக்கிருதுங்க மிஸ். பட்டியும் கைய பின்னால விட மாட்டேங்குது."

அவள் கண் கலங்கிவிட்டது. அம்மா பக்கத்தில் வந்தார். "அழுவாத புள்ள. வாய்க்கு ஒரு பிரம்பு வளையம் போட்டா நிக்கும்."

பட்டி எங்கே வர வேண்டும் என்று தன் தோளில் விரல் வைத்துக் காட்டினார். சோக்கால் குறித்துக்கொண்டேன். இரண்டாவது மாதிரி மழையில் ஊறிக் கனத்தது. உரப் பையை வெட்டித் தைத்த மூன்றாவதைக் கொழுந்து நிறுக்கும் வரை அம்மா கழற்றவில்லை.

"கழுத்து நோவல," என்றார்.

எந்தத் தோட்டமும் அந்தப் பையை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நன்றாகத் தேறினாள். ஆய்வின் பிரதியொன்றை நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள். நன்றிப் பக்கத்தில் முதலில் அம்மாவின் பெயர், அடுத்து 'அவருடைய மகள்' என்று என் பெயர். ஆசிரியர் அறையில் எல்லோரும் அதை வாங்கிப் பார்த்தார்கள். நான் பயந்திருந்த வெட்கம் வரவேயில்லை. அவளுக்கு நான் செய்தது வெறும் தையல். அவள் எனக்குச் செய்ததை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடையாள அட்டையில்கூடப் பிழையாக இருந்த பெயர் அவருடையது.

"எம்பேர சரியா எழுதியிருக்கா?"

"சரியா இருக்கும்மா."

"இன்னொருக்கா படி."