தனித் தட்டு இல்லாத கேக்

"கேக் ஒண்ணுதான் இருக்கணும் அண்ணே. எல்லாரும் சாப்பிடறதையே நானும் சாப்பிடணும். எனக்குன்னு தனித் தட்டுல எதையாவது வெச்சு நீட்டினா நான் பாட்டுக்கு எழுந்து உள்ள போயிடுவேன், சொல்லிட்டேன்."

வீட்டுக்காரரின் மகள் மாடிப்படியில் நின்று இதைச் சொன்னபோது என் கையெல்லாம் மைதா. அவள் என் அறை வரைக்கும் ஏறி வரமாட்டாள். பாதிப் படியில் நின்றுதான் பேசுவாள். கோதுமை அவளுக்கு ஆகாது. சும்மா அரிப்பு, தும்மல் என்று போகிற விஷயமில்லை. குடலே ஏற்பதில்லை, ஆயுளுக்கும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூசியளவு உள்ளே போனாலும் சுருண்டு படுத்துவிடுவாள். மைதாவும் ரவையும் கோதுமைதானே. ஆக, ஊரில் நடக்கும் எந்த விசேஷத்திலும் அவளுக்கென்று ஓரத்தில் ஒரு தட்டு வரும். அதில் ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். சுற்றியிருப்பவர்கள் அந்தத் தட்டைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், பிறகு நோய் பற்றி விசாரிப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு அசோக் நகர். அன்றைக்கும் அந்தத் தட்டு வரக்கூடாது என்பதுதான் அவள் கேட்டது. கடைகளில் கோதுமை இல்லாத கேக் கிடைக்கிறது. ஒருத்திக்குப் போதுமான அளவில், சின்ன டப்பாவில். அதுவும் தனித் தட்டுதான்.

நான் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், அவர்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் பாய்க்குத் தி.நகரில் பிளவுஸ் தைக்கும் கடை. நான் எட்டாம் வகுப்போடு கிளம்பியவன். லாரியில் கிளீனராகப் போனேன். ஹூப்ளியில் ஒரு ரொட்டி அடுப்பில் வேலை செய்தேன். அங்கே மூட்டைமேல்தான் படுக்கை. குளிர்காலத்தில் அடுப்புச் சூடு இருந்ததால் அதுவே நல்ல இடம். விஜயவாடா, கோவா, மறுபடி ஹூப்ளி. ஒரு ஊரில் ஏதாவது சொதப்பினால் அடுத்த பஸ் ஏறிவிடுவது வழக்கம். கட்டிலுக்குக் கீழே பை எப்போதும் தயாராக இருக்கும்.

இப்போது வீடுகளுக்கு ஆர்டர் எடுத்து கேக் செய்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் கேக் செய்வது என்றாலே ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவதுதான். மாடவீதியில் ஒரு மாமி, "எங்காத்துல முட்டை வாசப்படி தாண்டப்படாது. ஆனா கேக் பஞ்சு மாதிரி இருக்கணும்" என்பார். தயிரும் சோடா உப்பும் போட்டுச் சரிக்கட்டுவேன். அடையாறில் ஒரு சார், மைதா வேண்டாம், சர்க்கரை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம் என்றார். "அப்போ டப்பா மட்டும் அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வெண்ணெய்க்கு மட்டும் சம்மதித்தார்.

அந்தத் தெம்பில்தான் படியில் நின்றவளிடம், "செஞ்சிடலாம் பாப்பா" என்று சொல்லிவிட்டேன்.

என் அறையில் செய்ய முடியாது. அங்கே சுவர்கூட மைதாதான். கீழே அவர்கள் சமையலறையில், டாக்டர் சொன்ன நாளிலிருந்து கோதுமை நுழைந்ததில்லை. பாய் தன் பரோட்டாவை வெளியே சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அங்கே மகள் வாங்கிவைத்த சின்ன மின் அடுப்பு ஒன்று இருந்தது. நான் குளித்து, சட்டை மாற்றி, நகத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்பது அவள் போட்ட சட்டம்.

முதலில் கடையில் வாங்கிய இடியாப்ப மாவில் செய்தேன். அது வறுத்த மாவு. ஊற்றிய பாலையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. வெளியே எடுத்தபோது பாய் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இன்னாபா இது, கடைக்கு எடுத்துக்கினு போவட்டா? தெச்ச துணி மேல வெச்சா இஸ்திரி போட்டா மாதிரி ஆயிடும்" என்றார். சோள மாவில் செய்தது வெட்டும்போதே உதிர்ந்து மணலாகக் கொட்டியது. கேழ்வரகு நன்றாகவே வந்தது. ஆனால் அக்கா, அதாவது பாயின் மனைவி, ஒரு வாய் தின்றுவிட்டு, "பல்லுல நரநரன்னு கீது தம்பி. சம்பந்தி வீட்டுல பல்லு கட்டினவங்க ரெண்டு பேர் கீறாங்க" என்று ஒதுக்கிவிட்டார்.

மைதாவில் ஒரு பசை உண்டு. சோடா கிளப்புகிற காற்றை அதுதான் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அரிசி மாவுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பொங்கும், உடனே அமுங்கும். மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கிற இசப்கோல் உமியைப் போட்டால் பிடிக்கும் என்று ஹூப்ளியில் ஒருத்தர் சொன்னது நினைவுக்கு வந்தது. கச்சேரி ரோட்டில் மருந்துக்கடைக்குப் போய்ப் பெரிய டப்பாவாகக் கேட்டேன்.

"எத்தினி நாளா போகல?" என்றார் கடைக்காரர்.

"கேக்குக்குங்க."

"கேக் சாப்ட்டா அப்படித்தான் ஆவும்."

"இல்லங்க, கேக்குக்குள்ள போடறதுக்கு."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "விசேஷத்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எந்த மண்டபம்னு சொல்லிட்டுப் போங்க, அன்னிக்கு நான் அந்தப் பக்கம் வரல" என்று டப்பாவைக் கொடுத்தார்.

அடுத்து மாவு. மகள் எந்தப் பாக்கெட்டையும் திருப்பி, பொடி எழுத்தைப் படிக்காமல் விடமாட்டாள். அரிசி மாவுப் பாக்கெட் ஒன்றில், இதே ஆலையில் கோதுமையும் கையாளப்படுகிறது என்று போட்டிருந்தது. அதைக் கேட்டதும் அக்கா தீர்மானம் செய்துவிட்டார். "பாக்கெட்டே வாணாம். நம்ம அரிசி, நம்ம கண்ணு முன்னால அரைச்சுக்கினு வர்லாம்."

பச்சரிசியைக் கழுவி, கீழே கூடத்தில் வேட்டி விரித்து உலர்த்தி, தூக்கில் போட்டுக்கொண்டு மாவு மில்லுக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர். அக்கா மில்காரரிடம், "இந்த மெஷின்ல மொளகா அரைச்சீங்களா?" என்று கேட்டார். "இது மாவு மெஷின்மா. மொளகா அந்த மெஷின்" என்றார் அவர். அப்படியும் நம்பாமல், முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொட்டச் சொன்னார். இவ்வளவு பார்த்து அரைத்த மாவு ஊரில் வேறு இருக்காது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

அந்த மாவில், முட்டை, தயிர், சோடா உப்பு, இசப்கோல் எல்லாம் சேர்த்துச் செய்த கேக் அருமையாக எழுந்தது. அழுத்தினால் எழும்பியது. மகள் ஒரு துண்டு தின்றாள், இன்னொரு துண்டு தின்றாள். "இதான் அண்ணே. இதேதான்" என்றாள். பாய் கடைக்குக் கட்டி எடுத்துப்போனார்.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாந்தி நிற்கவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் அவள் வேலைபார்க்கும் ஆபீசுக்கு பாய் போன் செய்து லீவு சொன்னார்.

நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அரிசி, முட்டை, தயிர், புதுப் பாக்கெட் சோடா. இதில் எங்கே கோதுமை? என் நகத்தைக்கூட ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மா, மில்லுல நமக்கு முன்னாடி யாரு நின்னாங்க?"

"ஒரு அம்மா நின்னாங்க. எதுக்கு?"

"இன்னா அரைச்சாங்க?"

அக்கா கண்ணை மூடி மில் வரிசையை நினைத்துப் பார்த்தார். "சப்பாத்தி மாவு" என்றார்.

அரிசிக்கு முன்னால் மிளகாய் போயிருக்கக்கூடாது என்றுதான் நம் ஊரில் எல்லோரும் பார்ப்போம். கோதுமைக்குப் பின்னால் அரிசி போனால் யாருக்கு என்ன? வெள்ளையோடு வெள்ளை. ஒரு பிடி போட்டு ஓட்டியதும் காரத்துக்காகத்தான்.

"போதும் தம்பி" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்கும் வாணாம் ஒண்ணும் வாணாம். பேரீச்சம்பழம் வெச்சுடலாம்." மகள் போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டாள்.

நான் மேலே போய்க் கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்தேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. கை தானாகப் போனது. அடுத்த நாள் காலையில் பையோடு கீழே இறங்கினேன், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று. பாய் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, மூட்டைய கட்டிக்கினு? ஊருக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளே பார்த்தேன். மகள் எழுந்து உட்கார்ந்து மெதுவாக ஒரு இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறித்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும், "இது ஒண்ணுதான் அண்ணே எனக்கு இது வரைக்கும் துரோகம் பண்ணல" என்றாள்.

அக்கா அடுத்த ஈடுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். மேடையில் கிரைண்டர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதில் அரிசியும் உளுந்தும் தவிர வேறெதுவும் ஒருநாளும் விழுந்ததில்லை. மில்லும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். பிடித்துக்கொள்ள உளுந்து இருக்கிறது. எழுப்புவதற்கு ராத்திரியெல்லாம் புளித்த மாவு இருக்கிறது. இத்தனை நாள் உலர்ந்த மாவையே தேடிக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊருபா?" என்றார் பாய் மறுபடியும்.

"ஊருக்கு இல்ல பாய். அரிசி ஊற வைக்கணும்."

"அதுக்கு எதுக்கு பை?"

பையைச் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். "நகத்த காட்டுங்க" என்றாள் மகள்.

பச்சரிசி, உளுந்து கொஞ்சம். தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டு, நெய்போல அரைத்தோம். முதல் தடவை அளவுக்கு மேல் புளித்து, கேக்குக்குச் சாம்பார் ஊற்றலாம் போல் இருந்தது. சென்னை வெயிலில் மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது தடவை உளுந்தைக் குறைத்து, பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். காலையில் அளவாகப் பொங்கியிருந்தது. அதில் முட்டையும் சர்க்கரையும் நெய்யும் அடித்துச் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, அடுப்பில் வைக்கிற நேரத்தில் துளி சோடாவும் எலுமிச்சைச் சாறும். எழுந்தது. எழுந்தது அமுங்கவில்லை. அவள் விரல்நுனி அளவு தின்றுவிட்டு ஒருநாள் காத்திருந்தாள். வீடே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எல்லாரும் அப்படி பாக்காதீங்க, அதுலயே வயித்த கலக்குது" என்றாள். ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிறு காலை தட்டுத் தட்டாகச் சுட்டு, அடுக்கி, மேலே தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பாகு பூசினோம். மொட்டைமாடியைக் கழுவி, என் அறையைப் பூட்டிவிட்டுப் பந்தல் போட்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். "உனக்காகத் தனியா அல்வா கிண்டிக்கினு வந்தேன்மா. கோதுமை இல்ல, பயப்படாதே" என்றார். நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். பெண்ணின் முகம் ஒரு நொடி சுருங்கியதை நான் பார்த்தேன்.

அக்கா கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "இன்னிக்கி எல்லாருக்கும் இதுதான் சம்பந்தி. அவளுக்கும் இதுதான்."

பெண் வெட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா தயங்கி, ஒரு சின்னத் துணுக்கை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். "பெருசாவே குடுங்க மாமி" என்றாள் அவள். அவர் சிரித்து, முழுத் துண்டாக ஊட்டினார். அதே தட்டிலிருந்து தானும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

"இதுல மைதாவே இல்லியா?"

"இல்ல."

"எங்கியோ சாப்ட்ட வாசனையா கீதே."

"காலைல உங்க வீட்லயே சாப்ட்டிருப்பீங்க" என்றார் பாய்.

தட்டு சுற்றி வந்தது. பல் கட்டிய இருவரும் மறுமுறை வாங்கினார்கள். எவர்சில்வர் டப்பா நாற்காலிக்குக் கீழே கிடந்தது. அந்த அல்வாவை மாலையில் பாய் ஒருவராகவே முடித்தார்.

மறுநாள் காலை அவள் ஆபீசுக்குக் கிளம்பி, பாதிப் படியில் வந்து நின்றாள். முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நன்றாக இருந்தாள். கோபமாகவும் இருந்தாள்.

"ஒரு துண்டு கூடவா எடுத்து வெக்கல?"

"மாப்பிள்ளை வீட்டுல மிச்சத்த கட்டி எடுத்துக்கினு போய்ட்டாங்க பாப்பா."

"மொத்தமுமா? மூலைத் துண்டு என்னுது, யாரும் தொடாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேனே."

"அதத்தான் முதல்ல எடுத்தாங்க. உன் மாமியார்."

இதுவரை அவள் தட்டில் யாரும் கைவைத்தது கிடையாது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "நல்ல மாமியாருதான் வந்து வாச்சுது எனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். கடைசிப் படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சாயங்காலம் வர்றதுக்குள்ள அரிசி ஊற வெச்சிருங்க அண்ணே."